போர்டு சாகவில்லை

கோவை கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பம்ப்செட் கன்ட்ரோலர் போர்டுகள் செய்கிறேன். வீட்டில் இருந்தபடியே போனில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் காயில் கருகுவதற்கு முன் போர்டே அணைத்துவிடும். இது போக, மாசி பங்குனி வந்தால் இன்ஜினியரிங் பிள்ளைகள் கடைசி வருட ப்ராஜெக்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். இதே தொழில் செய்கிற மற்றவர்களும் எங்காவது முட்டிக்கொண்டு நின்றால் போர்டைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். என்ன ஆச்சு என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றைத்தான்: "போர்டு செத்துப்போச்சுங்ணா. கோடு ஏற மாட்டேங்குது."

கோடு ஏறவில்லை என்றால் போர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டுவதால் இந்தத் தொழிலில் ஏகப்பட்ட பணமும் உழைப்பும் வீணாகிறது. மாட்யூலைப் பிடுங்கி எறிகிறார்கள். ஹாட் ஏர் வைத்துப் புதியதை ஒட்டுகிறார்கள். அதிலும் ஏறவில்லை என்றதும் பிசிபியையே குப்பையில் போடுகிறார்கள். என் மேசைக்கு வந்தவற்றில் உண்மையிலேயே செத்தவை கொஞ்சம்தான். மற்றவை எல்லாம் உயிரோடு இருந்தவை. நாம் பேசியது அவற்றின் காதில் விழவில்லை, அல்லது அவை சொன்னதை நாம் கேட்கவில்லை.

இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சிப்பின் அமைப்பே அப்படி. ஷாங்காயில் இருக்கும் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஈஎஸ்பி32 சிப்பைப் பாருங்கள். இன்றைக்கு எங்கள் ஊரில் வைஃபை வைத்த கன்ட்ரோலரைத் திறந்தால் பெரும்பாலும் அதுதான் உள்ளே இருக்கும். அதில் 448 கிலோபைட் ரோம் இருக்கிறது. சிப் தயாராகும்போதே அந்த நிரல் சிலிக்கானோடு சேர்ந்து பதிந்துவிடுகிறது. நாம் ஏற்றும் ஃபர்ம்வேர் அந்த இடத்துக்குப் போவதே இல்லை. மாட்யூலின் தகர மூடிக்குள் பக்கத்திலேயே தனியாக இருக்கும் ஃப்ளாஷ் சிப்பில்தான் அது போய் உட்காருகிறது. எவ்வளவு மோசமான கோடை ஏற்றினாலும், பாதியில் கரண்ட் போனாலும், தவறான ஃபைலைத் திணித்தாலும் ரோமில் ஒரு பிட்கூட மாறாது.

மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது இந்த ரோம் நிரல்தான். அது ஐஓ0 என்ற பின்னைப் பார்க்கும். அந்தப் பின் மேலே இருந்தால், அதாவது 3.3 வோல்ட்டில் இருந்தால், ஃப்ளாஷில் உள்ளதை எடுத்து ஓட்டப் போய்விடும். கீழே, கிரவுண்டில் இருந்தால் சீரியல் லைனில் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கும்: புதுக் கோடு வருகிறதா? ஆக, கோடு ஏறவில்லை என்று ஒருவர் சொன்னால் நான் கேட்க வேண்டிய கேள்விகள் கொஞ்சம்தான். சிப்புக்குச் சாப்பாடு போகிறதா? காத்திருக்கும் நிலைக்கு அது வந்ததா? நம் குரல் அதற்குப் போய்ச் சேர்ந்ததா? அதன் பதில் நமக்குத் திரும்பி வந்ததா? எழுதிய கோடு சரியான இடத்தில் போய் உட்கார்ந்ததா? இந்த வரிசையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் திரையில் கடைசியாக வந்த சிவப்பு எழுத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள்தான் மாட்யூலைப் பிடுங்குகிறார்கள்.

முதலில் கேபிள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பி வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜ் போட மட்டும் விற்கும் கேபிள்களில் தகவல் கம்பி இருக்காது. போர்டில் எல்இடி பளிச்சென்று எரியும், கம்ப்யூட்டர் மட்டும் எதையும் பார்த்திருக்காது. எல்இடி எரிவதைப் பார்த்து நம் மனம் "கேபிள் சரி" என்று எழுதிக்கொண்டு, அடுத்த சந்தேகத்துக்குப் போய்விடுகிறது. அப்புறம் கேபிளுக்குத் திரும்பி வருவதே இல்லை. எங்கள் பட்டறையில் சோதித்துப் பார்த்த கேபிள்களுக்கு மஞ்சள் டேப் சுற்றியிருக்கும். அந்த டேப் இல்லாத கேபிளை மேசையில் வைக்கவே விடமாட்டேன்.

டைப்-சி சாக்கெட் வைத்த மலிவு போர்டுகளில் இன்னொரு வகைச் சிக்கல் உண்டு. இரு பக்கமும் சி உள்ள கேபிளைப் போட்டால், போர்டில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு இருந்தால்தான் கம்ப்யூட்டர் மின்சாரமே கொடுக்கும். அதை மிச்சம் பிடித்து விட்டுவிடும் போர்டுகள் சந்தையில் உண்டு. அவற்றில் எல்இடிகூட எரியாது. பழைய ஏ-டு-சி கேபிளை மாட்டினால் உடனே எழுந்துவிடும்.

கேபிள் சரியென்றால் அடுத்தது யுஎஸ்பியை சீரியலாக மாற்றும் சிப். விலை குறைந்த போர்டுகளில் சிஎச்340, கொஞ்சம் நல்ல போர்டுகளில் சிபி2102. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் செருகினால், புதிதாக ஒரு வரி வருகிறதா, அதில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று தெரியும். வரி வந்து முக்கோணமும் இருந்தால் டிரைவர் கோளாறு. வரியே வரவில்லை என்றால் இன்னும் கேபிளிலோ சாக்கெட் சால்டரிங்கிலோதான் தேட வேண்டும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு இரண்டு இடங்கள். ஒன்று, உபுண்டு போன்றவற்றில் அந்தப் பயனர் 'டயல்அவுட்' குழுவில் சேர்க்கப்படாமல் இருப்பது. இன்னொன்று உபுண்டு 22.04இல் பலரைக் குழப்பியது: போர்ட் ஒரு கணம் தோன்றி உடனே மறைந்துவிடும். பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் கருவிகளை இயக்க அதில் பிஆர்எல்டிடிஒய் என்று ஒரு சேவை இருக்கிறது. சில பிரெய்ல் கருவிகளிலும் சிஎச்340இன் அதே அடையாள எண் இருப்பதால், நம் போர்டை அது பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சேவையையே நீக்கிவிடு என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். கல்லூரி லேப் கம்ப்யூட்டரில் அதை நம்பியிருக்கும் மாணவர் ஒருவர் இருக்கக்கூடும். அந்த ஒரு அடையாள எண்ணுக்கான விதியை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும். நான் அப்படித்தான் செய்யச் சொல்கிறேன்.

செத்ததுபோல் தெரிந்து சாகாதவற்றுக்கு ஊரறிந்த சம்பவம் ஒன்று உண்டு. 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் புது விண்டோஸ் டிரைவர், அந்தக் கம்பெனியின் சிப்பைப் போலச் செய்த நகல் சிப்புகளைக் கண்டுபிடித்து அவற்றின் தயாரிப்பு அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதியது. அதன்பின் எந்தக் கம்ப்யூட்டரும் அவற்றை அடையாளம் காணவில்லை. பெரிய எதிர்ப்பு கிளம்பவே அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். நகலைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் தன் கருவியில் இருப்பது நகல் என்றே அறியாத கடைசி ஆளின் தலையில் அதை இறக்கியது நியாயம் என்று எனக்குப் படவில்லை. அந்தச் சிப்புகளும் சாகவில்லை. அழிந்த எண்ணைத் திரும்ப எழுதியவர்களுக்கு அவை மறுபடி வேலை செய்தன.

இனி, நான் அதிக நேரம் செலவழித்த இடத்துக்கு வருகிறேன். போர்ட் தெரிகிறது. அப்லோட் கொடுக்கிறோம். திரையில் 'கனெக்டிங்' என்று வந்து, புள்ளியும் அடிக்கோடும் ஓடி ஓடி, கடைசியில் பதில் வரவில்லை என்று நின்றுவிடுகிறது. போர்டில் உள்ள பூட் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டால் ஏறுகிறது, விட்டால் ஏறுவதில்லை. பட்டனை அமுக்கிக்கொண்டே வேலை பார்த்துப் பழகிவிட்டவர்கள் ஏராளம். ஏன் என்று கேட்பவர்கள் குறைவு.

ஐஓ0வைக் கீழே இழுத்து, இஎன் என்ற ரீசெட் பின்னையும் ஒருமுறை கீழே இழுத்து விட்டால் சிப் காத்திருக்கும் நிலைக்குப் போகும். இந்த இரண்டையும் கைபடாமல் செய்யத்தான் போர்டில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் குறுக்கும் மறுக்குமாக மாட்டியிருக்கிறார்கள். சீரியல் போர்ட்டின் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரண்டு லைன்கள்தான் அவற்றை ஆட்டுகின்றன. ஆர்டிஎஸ் மட்டும் செயலில் இருந்தால் இஎன் கீழே போகும். டிடிஆர் மட்டும் செயலில் இருந்தால் ஐஓ0 கீழே போகும். இரண்டும் சேர்ந்து செயலில் இருந்தால் எதுவும் கீழே போகாது. சீரியல் மானிட்டரைத் திறந்தவுடன் போர்டு ரீசெட் ஆகாமல் இருக்க வேண்டி அப்படி வைத்தார்கள். நல்ல சிந்தனைதான்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ஏற்றும் மென்பொருள் முதலில் ஆர்டிஎஸ்ஸை மட்டும் போட்டு சிப்பை ரீசெட்டில் நிறுத்துகிறது. பிறகு டிடிஆரைப் போட்டு, ஆர்டிஎஸ்ஸை எடுக்கிறது. விண்டோஸில் இது ஒரே சமயத்தில் நடப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக யுஎஸ்பி வழியே தனித்தனிக் கட்டளையாகப் போகிறது. நடுவில் ஒரு சின்ன இடைவெளியில் இரண்டுமே செயலில் இருக்கின்றன. அந்த நொடியில் இஎன் விடுபட்டு மேலே ஏற ஆரம்பித்துவிடுகிறது. ஐஓ0வோ இன்னும் கீழே வரவில்லை. இஎன் வேகமாக ஏறிவிட்டால் சிப் கண்விழித்துப் பார்க்கும்போது ஐஓ0 மேலேயே இருக்கிறது. சரி, பழைய கோடையே ஓட்டுவோம் என்று போய்விடுகிறது. நாம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம்.

இதற்கு வைத்தியம், இஎன் மெதுவாக ஏறும்படி செய்வது. இஎன் பின்னில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் இருந்தால் ஏறும் காலம் சுமார் 1 மில்லிசெகண்ட். யுஎஸ்பியின் ஒரு ஃப்ரேமே 1 மில்லிசெகண்ட் என்பதால் அது போதாது. இஎன்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 1 மைக்ரோஃபாரட் போட்டால் அது 10 மில்லிசெகண்டாகிறது. அதற்குள் ஐஓ0 கீழே வந்துவிடும். 10 மைக்ரோஃபாரட் போடுபவர்களும் உண்டு. அது எனக்குப் பிடிப்பதில்லை. அப்போது இஎன் 100 மில்லிசெகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும்; மென்பொருள் ஐஓ0வை அதற்கு முன்பே விட்டுவிடக்கூடும். நான் 1 போடுகிறேன், பிடிவாதம் பிடிக்கும் போர்டுக்கு 2.2. பட்டனை அமுக்கிப் பழகிய கைகளுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு லாட் போர்டுக்கும் வரிசையாகக் கோடு ஏற்றும் பெண்கள் ஒவ்வொரு போர்டுக்கும் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், அந்தக் கெபாசிட்டர் செய்யும் உதவி தெரியும்.

அடுத்து, சிப் சொல்வதைக் கேட்பது. ரோம் நிரல் ஒவ்வொரு முறை எழும்போதும் சீரியலில் சில வரிகள் சொல்லும்: எதனால் ரீசெட் ஆனது, எந்த நிலையில் எழுந்தது. ஈஎஸ்பி32இல் அதை 115200 வேகத்தில் கேட்கலாம். அதற்கு முந்தைய ஈஎஸ்பி8266இல் அதே வேகத்தில் கேட்டால் குப்பை எழுத்துகள்தான் வரும். சிப் கெட்டுவிட்டது என்று பலர் நம்புவது அதைப் பார்த்துத்தான். அந்த ரோம், கிரிஸ்டல் 40 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்து 115200க்குக் கணக்குப் போடுகிறது. மாட்யூலிலோ இருப்பது 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். 115200ஐ 26ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால் 74880. மானிட்டரை அந்த வேகத்தில் வைத்தால் எழுத்து பளிச்சென்று தெரியும். தேதி, ரீசெட் காரணம், பூட் மோட் எல்லாம் வரும். பூட் மோட் 1 என்றால் கோடுக்குக் காத்திருக்கிறது, 3 என்றால் ஃப்ளாஷிலிருந்து ஓடப் போகிறது.

இந்த வரிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்பு ஒன்றில் இருந்து வந்த பெட்டி சாட்சி. செய்தவர் எங்களைப் போலவே சிறு தயாரிப்பாளர். ஒரு லாட் போர்டுகளோடு வந்தார். மேசையில் வெறும் போர்டாக வைத்தால் கோடு ஏறுகிறது, ஓடுகிறது. பெட்டிக்குள் போட்டு எல்லா கனெக்டரையும் மாட்டினால் ஏறுவதில்லை. அதுவும் முழுக்க ஊமையாக இல்லை. சிப் தன் பெயரைச் சொல்கிறது, மேக் முகவரியைச் சொல்கிறது, ஃப்ளாஷில் எழுதப் போகும்போது அறுந்துவிடுகிறது. ஃப்ளாஷ் போய்விட்டது என்று சில போர்டுகளில் மாட்யூலையே மாற்றியிருந்தார். மாற்றியவையும் அப்படியே.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தோப்புக்காரரிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"ஏனுங்க, இன்னும் ஒண்ணு சொல்ல மறந்துட்டனுங்க. தொட்டி ரொம்பியிருக்கறப்ப கரண்டு போயிட்டு வந்துச்சுன்னா பெட்டி எந்திரிக்கறதே இல்லைங்க. தொட்டி கொறைஞ்சிருந்தா எந்திரிச்சுக்குது."

எனக்கு வேண்டியது அதில் இருந்தது. எழாத பெட்டியின் சீரியல் வரியில் பூட் மதிப்பு ஹெக்ஸில் 33 என்று வந்துகொண்டிருந்தது. நல்ல போர்டில் அது 13 என்று வரும். அந்த எண், எழும் நேரத்தில் சில குறிப்பிட்ட பின்கள் மேலே இருந்தனவா கீழே இருந்தனவா என்பதைப் பிட் பிட்டாகச் சொல்வது. 13க்கும் 33க்கும் உள்ள வித்தியாசம் ஹெக்ஸில் 20. அந்த பிட் ஐஓ12க்கு உரியது. ஈஎஸ்பி32இல் எழும் கணத்தில் ஐஓ12 மேலே இருந்தால், ஃப்ளாஷுக்கு 3.3க்குப் பதில் 1.8 வோல்ட் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று சிப் எடுத்துக்கொள்ளும். 3.3 வோல்ட் ஃப்ளாஷ் அந்த மின்னழுத்தத்தில் ஒழுங்காக வேலை செய்யாது. இந்தப் போர்டில் தொட்டி மிதவை ஸ்விட்ச் ஐஓ12இல் இருந்தது, 10 கிலோ ஓம் புல்-அப்போடு, மிதவைப் பக்கத்துச் சின்ன போர்டிலேயே. தொட்டி குறைந்திருந்தால் ஸ்விட்ச் கிரவுண்டைத் தொடும், ஐஓ12 கீழே, சிப் சரியாக எழும். தொட்டி நிறைந்தால் ஸ்விட்ச் திறந்து ஐஓ12 மேலே போகும். ஓடிக்கொண்டிருக்கும்போது அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. எழும் கணத்தில் மட்டும்தான்.

மிதவைக் கனெக்டரைக் கழற்றிவிட்டுக் கோடு ஏற்றினேன். ஏறியது. மாற்றிய மாட்யூல்கள் எல்லாமே நல்லவை. கழற்றி எறிந்த பழையவையும் நல்லவைதான். ஃப்ளாஷ் மின்னழுத்தத்தை 3.3 என்றே நிரந்தரமாக்க சிப்பின் உள்ளே இஃப்யூஸ் எரிக்கும் வழி ஒன்று உண்டு. அதை எரித்தால் திரும்ப மாற்ற முடியாது. அவர் அதைத்தான் விரும்பினார், போர்டை மாற்ற வேண்டாமே என்று. தோப்பில் ஏற்கெனவே மாட்டிவிட்ட பெட்டிகளுக்கு அதைச் செய்தோம். புது லாட்டுக்கு மிதவையை வேறு பின்னுக்கு மாற்றச் சொன்னேன். டேட்டாஷீட்டில் 'ஸ்ட்ராப்பிங் பின்' என்று ஒரு பக்கம் இருக்கும். சர்க்யூட் வரைவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் குறைவு என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஏறியும் ஓடாத போர்டுகள் தனி ரகம். 'வெற்றி' என்று திரை சொல்லும், போர்டு திரும்பத் திரும்ப எழுந்து விழும். முதலில் மின்சாரத்தைப் பார்ப்பேன். கோடு ஏறும்போது வைஃபை ஓடுவதில்லை, கரண்ட் குறைவாகவே இழுக்கும். ஏறி முடித்து முதன்முதலில் வைஃபை விழிக்கும்போது இழுவை சட்டென்று கூடும். 500 மில்லிஆம்பியராவது தரும் சப்ளை வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். பலர் எஃப்டி232ஆர் அடாப்டரின் 3.3 வோல்ட் பின்னில் இருந்தே போர்டை ஓட்டுவார்கள். அந்தச் சிப் உள்ளிருந்து கொடுக்கக்கூடியது 50 மில்லிஆம்பியர்தான். சீரியலில் 'பிரவுன்அவுட்' என்ற வார்த்தை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கோடைத் தொடவே வேண்டாம். சப்ளையை மாற்றி, மாட்யூலுக்குப் பக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் ஒன்றை வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மின்சாரம் சரியாக இருந்தும் விழுந்துகொண்டிருந்தால் முகவரி. ஈஎஸ்பி32இல் பூட்லோடர் ஹெக்ஸில் 1000ஆவது இடத்தில் உட்கார வேண்டும். பார்ட்டிஷன் டேபிள் 8000இல். நம் நிரல் வழக்கமாக 10000இல். அதே கம்பெனியின் எஸ்3, சி3 சிப்புகளிலோ பூட்லோடர் 0விலேயே தொடங்க வேண்டும். பழைய பழக்கத்தில் 1000 என்று கொடுத்தால் எழுதும், சரிபார்க்கும், எல்லாம் நன்றாக நடக்கும். சிப் தேடும் இடத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. அப்போது சீரியலில் 'ஹெடர் தவறு' என்று சொல்லி எஃப் எழுத்தாக எட்டு வரும். அழித்து வைத்த ஃப்ளாஷில் எல்லா பிட்டும் 1 என்பதால் படித்தால் எஃப் எஃப் என்றுதான் வரும். அதைப் பார்த்து மாணவர்கள் பயப்படுகிறார்கள். வெற்றுப் பக்கம் அது, அவ்வளவுதான்.

ஆர்டுயினோ உலகத்தில் கதை கொஞ்சம் வேறு. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் தொடங்கிய அந்த முயற்சியால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு இந்தத் தொழிலே கைக்கு வந்தது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. அதன் ஊனோ, நானோ போர்டுகளில் இருக்கும் ஏட்மெகா328பி சிப்பில் இப்படி அழியாத ரோம் லோடர் கிடையாது. 32 கிலோபைட் ஃப்ளாஷின் கடைசியில் பூட்லோடர் உட்கார்ந்திருக்கிறது. ஊனோவில் அது 512 பைட், பழைய நானோவில் 2 கிலோபைட். அது அழியக்கூடியது. ஆனாலும் 'சின்க் இல்லை' என்று வரும் போர்டுகளில் அழிந்தவை அபூர்வம். மாணவர் ஜிஎஸ்எம் மாட்யூலையோ புளூடூத் மாட்யூலையோ 0, 1 பின்களில் மாட்டி வைத்திருப்பார். கம்ப்யூட்டர் பேசுவதும் அதே பின்களில்தான். இருவர் ஒரே கம்பியில் பேசினால் சிப்புக்கு எதுவும் புரியாது. அந்த இரண்டு கம்பியைக் கழற்றிவிட்டு ஏற்றினால் முடிந்தது. நானோவாக இருந்தால் இன்னொன்று: 2018க்கு முந்தைய பூட்லோடர் 57600 வேகத்தில் பேசும், அதற்குப் பிந்தையது 115200இல். சந்தையில் கிடைக்கும் நகல்கள் பலவற்றில் இன்றும் பழையதுதான். மெனுவில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுக்காமல் போர்டைத் திட்டுகிறோம்.

பூட்லோடர் உண்மையிலேயே போயிருந்தாலும் வழி இருக்கிறது. இன்னொரு ஊனோவை ஐஎஸ்பியாக மாற்றி, ஆறு கம்பி இழுத்து, புதிதாக எழுதிவிடலாம். ஃப்யூஸ் பிட்டைத் தவறாக வைத்து, வெளிக் கடிகாரத்தை எதிர்பார்த்துச் சிப் உறைந்து நின்றால், எக்ஸ்டால்1 பின்னில் வெளியிலிருந்து ஒரு சதுர அலையைக் கொடுத்தால் எழும். அந்த நேரத்தில் ஃப்யூஸைத் திருத்திவிட வேண்டும். ரீசெட் பின்னையே அணைத்துவிட்டவர்களுக்கு 12 வோல்ட் கொடுத்து எழுதும் கருவி வேண்டும். அது கொஞ்சம் சிரமம்தான், ஆனால் முடியாதது இல்லை.

எஸ்டிஎம்32 புளூபில் போர்டைப் பற்றிச் சுருக்கமாக. அதிலும் அழியாத லோடர் உண்டு. பூட்0 ஜம்பரை 1க்கு மாற்றி ரீசெட் செய்து, பிஏ9, பிஏ10 பின்களில் ஈவன் பேரிட்டியோடு ஹெக்ஸில் 7எஃப் என்று ஒரு பைட் அனுப்பினால் 79 என்று திரும்ப வரும். 79 வந்துவிட்டால் அந்தச் சிப் நல்ல சிப். வேலை முடிந்ததும் ஜம்பரைத் திரும்ப 0க்கு மாற்ற மறப்பதுதான் அங்கே வழக்கமான தலைவலி.

உண்மையான சாவும் உண்டு. மோட்டார் ஸ்டார்ட்டரின் 415 வோல்ட் ஏதோ ஒரு வழியில் லோ வோல்டேஜ் பக்கம் எகிறி வந்த போர்டுகள். இடி விழுந்த இரவுக்குப் பிறகு வருபவை. அவற்றில் 3.3 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் மீட்டரை வைத்தால் பீப் சத்தம் கேட்கும். இல்லாவிட்டால் மின்சாரம் கொடுத்தவுடன் மாட்யூலின் தகர மூடி விரல் வைக்க முடியாமல் சுடும். இன்னொரு வகைச் சாவை மனிதர்களே வரவழைக்கிறார்கள். ஃபர்ம்வேரை யாரும் திருடக் கூடாது என்று ஈஎஸ்பி32இல் செக்யூர் பூட், ஃப்ளாஷ் என்க்ரிப்ஷன் இரண்டையும் போட்டு இஃப்யூஸை எரித்துவிட்டு, சாவியைத் தொலைத்துவிடுவார்கள். கையொப்பமில்லாத கோடை அந்தச் சிப் இனி ஓட்டாது. ரோம் உயிரோடு இருந்தும் பயனில்லை. சாவியை இரண்டு இடத்தில் பத்திரமாக வைக்க ஏற்பாடு இல்லாத கம்பெனி அந்த ஃப்யூஸைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பட்டறைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன், "ஏனுங்ணா, இப்பத்தான் வைஃபைலயே அப்டேட் அனுப்பறமே, அப்புறம் எதுக்குங்ணா போர்டுல புரோகிராமிங் ஹெடர்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. காற்றுவழி அப்டேட்டில் இரண்டு இடம் ஒதுக்கி, புதியது ஓடவில்லை என்றால் பழையதுக்குத் திரும்பும் ஏற்பாடு எங்கள் போர்டிலும் இருக்கிறது. ஆனால் அது ஃப்ளாஷில் இருக்கும் கோடை நம்பித்தான் நடக்கிறது. பூட்லோடரோ பார்ட்டிஷன் டேபிளோ கெட்டால் காற்றுவழி அடைபட்டுவிடும். அப்போது கதவு திறப்பது ரோம்தான். அதோடு பேசக் கம்பி வேண்டும். ஒரு போர்டுக்குச் சில ரூபாய் மிச்சம் என்று அந்த ஹெடரை எடுத்துவிட்டவர்கள் தோப்பில் நின்றுகொண்டு மாட்யூலின் ஓரத்தில் முடி போன்ற கம்பியைச் சால்டர் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே எங்கள் போர்டில் ஹெடர் இருக்கும்: கிரவுண்ட், 3.3, டிஎக்ஸ், ஆர்எக்ஸ், இஎன், ஐஓ0. ஒவ்வொரு பின்னுக்கும் பக்கத்தில் பெயர் அச்சிடச் சொல்வேன், எண் மட்டும் போட்டால் ஏற்க மாட்டேன். பத்து வருடம் கழித்துப் பெட்டியைத் திறப்பவரிடம் எங்கள் சர்க்யூட் படம் இருக்காது. ஏழாவதாக ஒரு பின்னுக்கும் இடம் விட்டு, அந்தப் பின்னைப் பிடுங்கிவிட்டு, கேபிள் பக்கம் அதே ஓட்டையை அடைத்துவிடுகிறோம். அப்படிச் செய்தால் இருட்டில், கைப்பேசி வெளிச்சத்தில் மாட்டினாலும் தலைகீழாகப் போகாது.